இறங்காமல் நின்ற சுரம்

நெய்யாற்றின்கரையைத் தாண்டி, ஒரு வாழைத்தோப்பின் ஓரம் ரயில் காரணமில்லாமல் நின்றபோதுதான் மடி சுடுவது தெரிந்தது. பிளாஸ்க் மூடியை நான் சரியாக இறுக்கவில்லை. வெந்நீர் பைக்குள் இறங்கி, மகளின் ஸ்கேன் படங்கள் இருந்த உறையை நனைத்துக்கொண்டிருந்தது.

எதிர் இருக்கைப் பெண் தன் துண்டைக் கொடுத்தார். படங்களை ஒவ்வொன்றாக வாங்கி ஜன்னலோரம் சாய்த்து வைத்தார். நாகர்கோவில் பக்கம் ஒரு மருத்துவமனையில் செவிலியராம், விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறார். மலையாளத்தில்தான் பேசினார். எனக்குக் கேட்டால் புரியும், பேச வராது. "தைராய்டா? யாருக்கு?" என்றார். மகளுக்கு என்றேன். "சின்ன ஆபரேஷன்தான், பயப்படவே வேண்டாம்" என்றவர், ரயில் நகராத அலுப்பில் பயப்பட வேண்டிய கதையையும் சொன்னார். அவருடைய வார்டில் ஒரு டீச்சர் இருந்தாராம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு வகுப்பில் அவர் குரல் இரண்டாவது பெஞ்சைத் தாண்டவில்லையாம்.

"உங்கள் மகள் என்ன செய்கிறாள்?"

"கம்ப்யூட்டர் வேலை" என்றேன். பாடுவாள் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கதைக்கு இன்னும் ஒரு பகுதி இருக்கும் என்று தோன்றியது.

கோமதி எங்களுக்கு ஒரே பிள்ளை. திருநெல்வேலியில் நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். மனைவி சிவகாமி பள்ளி ஆசிரியை. கோமதியின் பள்ளிக்காலம் முழுவதும் அவளைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போய், சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலை. எனக்குப் பாட வராது. காது மட்டும் பழகிவிட்டது. யாராவது சுருதியிலிருந்து நூலளவு விலகினாலும் என் முதுகு நிமிர்ந்துவிடும். திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்துப் போனபிறகு அவள் கர்நாடக சங்கீதத்தை விட்டுவிட்டு ஒரு சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்தாள். எங்களுக்கு அதில் வருத்தம் என்று சொல்ல முடியாது. எதையோ பாடுகிறாள், போதும் என்றிருந்தோம்.

போன மாதம் கழுத்தில் வலப்பக்கம் ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் 'சந்தேகத்துக்கு இடமுண்டு' என்று வந்தது. பாதி தைராய்டை எடுத்துவிட வேண்டும், எடுத்ததைச் சோதித்த பிறகுதான் மீதியைச் சொல்ல முடியும் என்றார்கள். சிவகாமிக்குப் பரீட்சை மேற்பார்வை, விடுப்பு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி என்னை முதலில் அனுப்பினாள்.

கோமதி இருப்பது ஆரியசாலையில், ஒரு வற்றல் மிளகாய் மொத்தக் கடையின் மாடியில். கடைக்காரர் பூதப்பாண்டிக்காரர். மாணிக்கம் அண்ணாச்சி என்றால் அந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரியும். ஆட்டோவை விட்டு இறங்கியதும் எனக்கு மூன்று தும்மல். மூட்டை மூட்டையாக மிளகாய். படிக்கட்டில்கூட சிவப்புத் தூசி.

"வாங்க சார். யாத்ரை சுகந்தானே? பிள்ளை ஜோலிக்குப் போயிருக்கா, சாவி என்கிட்ட உண்டு" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, இந்த நெடியிலதான் அவ நாள் முழுக்க இருக்காளா?"

"நான் இதுக்குள்ளதான் பிறந்தேன்னு வச்சுக்கிடுங்க. என் தொண்டைக்கு ஒரு கொழப்பமும் இல்ல." கடைப் பையன்களைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் சந்தின் முனையில் ஒரு நாய் எழுந்து போனது. "கேட்டேளா? மிளகாய்க்கும் கழுத்துக் கட்டிக்கும் ஒரு பந்தமும் கிடையாது. வெறுதே பேடிக்காதீங்க." சும்மா பயப்படாதே என்பதுதான் அவர் வாயில் பாதி மலையாளமாக வந்தது.

ராத்திரி கோமதி வந்ததும் நான் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, கழுத்தை. துப்பட்டாவை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அப்பா, அங்கயே பாக்காதீங்க. கூச்சமா இருக்கு" என்றாள். பக்கத்துக் கடையிலிருந்து புட்டும் கடலையும் வாங்கி வந்திருந்தாள். குடிக்க ஏதோ மரப்பட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர். இந்த ஊரில் எங்கே போனாலும் அதுதான். நான் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். "விஷம் இல்லப்பா" என்றாள். நன்றாகவே பேசினாள். ஒவ்வொரு சொல்லையும் நான் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே வாங்கினேன்.

மறுநாள் காலை மருத்துவமனை. அறுவை மருத்துவர் இளைஞர். ஒரு காகிதத்தில் கழுத்தை வரைந்து காட்டினார். கட்டிக்குப் பின்னால் குரலுக்கான நரம்பு ஓடுகிறது. அதைத் தவிர இன்னொன்று, நூலைவிட மெல்லியது. மேல் ஸ்தாயிக்குப் போவதெல்லாம் அதன் தயவில். இரண்டையும் காப்பாற்றத்தான் பார்ப்போம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். "ஆனால் பாடுகிற பெண்ணிடம் இதைச் சொல்லாமல் நான் கத்தியை எடுக்கக் கூடாது."

எனக்குக் கேட்க நிறைய இருந்தது. அதற்குள் கோமதி ஒன்றே ஒன்று கேட்டாள். "பாட்டு வெள்ளிக்கிழமை டாக்டர். அதுவரைக்கும் பாடலாமா?"

"தாராளமாக. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்துவிடு."

வெளியே வந்ததும் கேட்டேன், அப்படி என்ன பாட்டு என்று. வருகிற வெள்ளி இயேசு இறந்த பெரிய வெள்ளி, இங்கே அதைத் துக்க வெள்ளி என்கிறார்கள். அன்று சாயங்காலம் சர்ச்சில் பாடுவதற்காக ஒரு மன்னிப்புப் பாட்டை மூன்று மாதமாகப் பயிற்சி செய்கிறார்களாம். முந்நூறு வருடங்களுக்கு முந்தையது. அந்தக் காலத்து ஐரோப்பிய இசைக்குப் பரோக் என்று பெயர். எழுதியவர் பெயரையும் சொன்னாள், என் நாக்கில் நிற்கவில்லை. மொழி லத்தீன். செய்த தவறை எண்ணி அழுது, தள்ளிவிடாதே, இரங்கு என்று கேட்பதுதான் பாட்டு முழுவதும். அதில் இரண்டு பெண் குரல்கள் மட்டும் சேர்ந்து பாடும் ஒரு பகுதி வருகிறது. ஒன்று கோமதி, இன்னொன்று அவளோடு வேலை செய்யும் ரேஷ்மா.

இதை நான் போனில் சிவகாமியிடம் சொன்னது தப்பு.

"ஆபரேஷனுக்கு நாலு நாளைக்கு முந்தி இழவு வீட்டுப் பாட்டா பாடணும்? நீங்களும் கூட இருந்து கேட்டுக்கிட்டு இருக்கப் போறீங்களா?"

"பக்திப் பாட்டுதான்."

"அழுகைதானே? நம்ம ஊருல ஒப்பாரியை யாராவது வீட்டுக்குள்ள பாடிப் பழகுவாங்களா? வாயில வந்தா வெளிய துப்பிட்டு வான்னு சொல்லுவாங்க."

அவள் சொன்னது எனக்கும் உள்ளுக்குள் இருந்ததுதான். சாயங்காலம் பயிற்சிக்குக் கோமதியோடு போனபோது ஒரு கையில் பிளாஸ்க்கும் இன்னொரு கையில் அந்தப் பயமும் இருந்தன.

பாளையத்திலிருந்து உள்ளே போகும் ஒரு சாலையில், மரங்களுக்கு நடுவில் பழைய சர்ச். அதை ஒட்டிய கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். நெற்றியில் சந்தனம் வைத்தவர் உண்டு, தலையில் முக்காடு போட்ட பெண் உண்டு. நடத்துபவர் ஷீபா டாக்டர், பல் மருத்துவர். கிளினிக்கிலிருந்து நேராக வந்திருந்தார், கையுறைப் பொடியின் வாசனைகூடப் போகவில்லை. "கோமதியின் அப்பாவா? உட்காருங்கள். வாயைத் திறக்கச் சொல்ல மாட்டேன்" என்றார்.

அவர் பேசியது மலையாளம். தமிழில் எழுதுகிறேன்.

ஓர் இளைஞன் செல்லோ வாசித்தான். வயலினின் பெரியண்ணன் மாதிரி, காலுக்கு இடையில் வைத்துக்கொள்கிறார்கள். அவன் வாசித்தது ஒரே வரி. மேலிருந்து அரைச் சுரம் அரைச் சுரமாகக் கீழே இறங்கியது. இருட்டில் மாடிப்படி இறங்குகிறவர் ஒவ்வொரு படியையும் காலால் துழாவுவாரே, அப்படி. கீழே வந்து சேர்ந்ததும் மறுபடி மேலிருந்து அதே இறக்கம். அதன்மேல் குரல்கள் வந்தன. இரண்டிரண்டு சுரமாக, முதலாவது அழுத்தி, இரண்டாவது தேய்ந்து. மூச்சை இழுத்து விடுவதுபோலவே இருந்தது. என் கழுத்து மயிர் எழுந்து நின்றது.

ஷீபா ஒரு பையனை நிறுத்தினார். "நீ ஏன் குரலை நடுக்குகிறாய்? அழுகையை அவர் முந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். நீ தனியாக அழ வேண்டாம். நீ அழுதால் தொண்டை அடைக்கும், கேட்கிறவனுக்கு உன் மூக்குதான் கேட்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு பெண்களின் பகுதி வந்தது.

கோமதி ஒரு சுரத்தில் போய் நின்றாள். சுத்தமான சுரம். நான் வருடக்கணக்காகப் பக்கத்திலிருந்து கேட்ட குரல். அடுத்த நொடி ரேஷ்மாவின் குரலோடு அது இடித்தது. என் முதுகு நிமிர்ந்தது. நெருக்கமான இரண்டு அதிர்வெண்கள் ஒன்றாக ஒலித்தால் விம்மல் உண்டாகும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். காதில் அது தவிர வேறொன்றும் விழவில்லை. அபசுரம். நரம்பு போய்விட்டது. கத்தி படுவதற்கு முன்னாலேயே போய்விட்டது.

நான் எழுந்து போனது எனக்கு நினைவில் இல்லை. இருபது பேருக்கு நடுவில் நின்று, பிளாஸ்க்கைத் திறந்து, "போதும்மா. நிறுத்திரு. தண்ணி குடி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாட்டு நின்றது. கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பா..."

"சுருதி போயிட்டும்மா. நான் கேட்டேன்."

முக்காடு போட்ட பெண் குனிந்து சிரிப்பை அடக்கினாள். ஷீபா சிரிக்கவில்லை. "சாருக்கு நல்ல காது" என்றார். "அங்கே இடிக்கத்தான் செய்யும். இடிக்கும்படிதான் எழுதியிருக்கிறது. ஆனால் நகர்ந்தது உங்கள் மகள் இல்லை. அவள் முதலில் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறாள். சுற்றியிருந்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள். இதுவரை சரியாக இருந்த சுரம், அவள் ஒன்றும் செய்யாமலே தப்பாகிவிடுகிறது. அவள் அந்த வலியில் கொஞ்சம் நின்று, பிறகு ஒரு படி இறங்குவாள். இறங்கினால் சரியாகிவிடும். அந்தக் காலத்துத் துக்கப் பாட்டுகளில் பாதி வேலை இதுதான்."

நான் பிளாஸ்க்கை மூடினேன்.

"போகாதீர்கள். ஒரு 'சா' கொடுங்கள், பார்க்கலாம்."

"எனக்குப் பாட வராது மேடம்."

"அப்பா, சும்மா குடுங்க" என்றாள் கோமதி. என்னைத் தண்டிக்கும் உற்சாகம் அதில் இருந்தது.

கொடுத்தேன். நடுங்கியதுதான், ஆனாலும் சா. மற்றவர்கள் அதோடு சேர்ந்து பாடினார்கள். மெத்தைமேல் உட்கார்ந்ததுபோல் இருந்தது. ஷீபா கையை அசைத்தார். எல்லாரும் நகர்ந்தார்கள். காலடியில் தரை சரிந்தது. என் சா எல்லார்மேலும் உரசியது. ஷீபாவின் கை 'நில், நில்' என்றது. என்னால் முடியவில்லை. கீழே விழுந்தடித்து இறங்கிவிட்டேன்.

"எல்லாரும் முதலில் செய்கிற தப்பு இதுதான்" என்றார் ஷீபா. "பயந்துபோய்ச் சீக்கிரம் இறங்கிவிடுவது."

திரும்பும் வழியில் கிழக்கேகோட்டையில் இறங்கி, பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவில் ஆளுக்கொரு சாயா குடித்தோம். கோமதிக்குக் கோபம் ஆறியிருந்தது. அப்போதுதான் கேட்டேன். "நீ என்னம்மா தப்பு பண்ணுன? அந்தப் பாட்டுல எல்லாம் என் தப்பு, என் தப்புன்னு வருதே."

அவள் டம்ளரைக் கடைப் பலகையில் வைத்தாள்.

"பெரியம்மை போன் பண்ணி, எந்தக் கோயில்ல என்ன குறை வச்சீங்கன்னு கேக்காங்க. அம்மாவோட ஜோசியர் ராகுங்காரு. ஆபீஸ்ல ஒருத்தன் வெளிச் சாப்பாடுங்கான். நீங்க மிளகாய்ங்கீங்க. ஒவ்வொருத்தருக்கும் நான் என்ன பண்ணி இது வந்துதுன்னு கண்டுபிடிச்சே ஆகணும். அந்தப் பாட்டுல மட்டுந்தாம்ப்பா யாரும் அதைக் கேக்கல. இருபது பேரும் சேந்து, தப்பு எங்களதுங்காங்க. என்ன தப்புன்னு சொல்லல. எனக்கு அது எவ்வளவோ ஆசுவாசமா இருக்கு."

"பயமா இல்லையா?"

"இருக்கு" என்றாள். "நைட்டெல்லாம் இருக்கு. நீங்க அதைக் கேட்டுக்கிட்டே இருந்தா பகல்லயும் இருக்கு."

வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் நான் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் போனேன். இங்கே வேண்டுதலுக்குத் தேங்காயை ஓங்கி எறிந்து உடைக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சிதறுகாய் மாதிரிதான், ஆனால் கூட்டமும் வேகமும் அதிகம். எனக்கு முன்னால் நின்றவர் எறிந்தது வெடித்துச் சிதறியது. நான் எறிந்தது 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, முழுதாக உருண்டு ஓரமாகப் போய் நின்றது.

படித்தவன், விஞ்ஞானம் கற்பிக்கிறவன் என்பதெல்லாம் அந்த உருண்ட தேங்காயின் முன்னால் நிற்கவில்லை. பக்கத்தில் தேங்காய் விற்பவர் பார்த்துக்கொண்டிருந்தார். "சாரமில்ல சாரே, பரவாயில்ல. அது முத்தல். இன்னொண்ணு எறிங்க."

"அப்படி எறியலாமா?"

"பிள்ளையார் எண்ணிக்கிட்டா இருக்காரு?"

இரண்டாவது உடைந்தது. ஆனாலும் முதலாவதைத்தான் நான் வீடுவரை நினைத்துக்கொண்டு வந்தேன். சிவகாமியிடம் உடைந்ததை மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் சர்ச் கூடத்தில் எல்லாருக்கும் கஞ்சி. சிவப்பரிசிக் கஞ்சி, பயறு, ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய். பலா இலையை மடித்து ஈர்க்குச்சி குத்திய கரண்டி. உப்பு குறைவாகப் போட்டிருந்தார்கள். துக்கத்துக்காகவா, மறந்துவிட்டார்களா என்று நான் கேட்கவில்லை. கோமதி இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். ஷீபா வந்து, "அப்பா சாயங்காலம் தண்ணீரோடு வருவாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிவகாமி வந்த ரயில் தாமதம். ஸ்டேஷனிலிருந்து அப்படியே ஆட்டோ ஏறினோம். பாளையத்தில் சர்ச் என்று மட்டும் சொன்னேன். பாளையத்தில் எத்தனை சர்ச் என்று எனக்கு அப்போது தெரியாது; இரண்டு முறையும் கோமதியின் பின்னால் கூடத்துக்குத்தான் போயிருந்தேன், சர்ச்சை நிமிர்ந்து பார்த்ததில்லை. இறக்கிவிட்ட இடத்தில் உள்ளே போய் உட்கார்ந்து, கோமதியைத் தேடினால் அவள் இல்லை. மயங்கி விழுந்திருப்பாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்பார்கள் என்று அதற்குள் எல்லாம் கண்முன் ஓடிவிட்டது. "ஏங்க, இது அந்த சர்ச்தானா?" என்று சிவகாமிதான் கேட்டாள். கேட்டிருக்காவிட்டால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். வெளியே வந்து, பெட்டியோடு நடுச்சாலையில் ஓடி, இன்னொரு ஆட்டோ பிடித்தோம்.

போய்ச் சேர்ந்தபோது தொடங்கவில்லை. உள்ளே பூ இல்லை, அலங்காரம் இல்லை. சிலுவையைத் துணியால் மூடியிருந்தார்கள். அன்றைக்கு மணி அடிக்கக் கூடாதாம். அதற்குப் பதிலாக ஒருவர் மரக்கட்டையை 'டக் டக்' என்று தட்டினார். அந்தச் சத்தத்தில் சிவகாமி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு இதெல்லாம் சரியாப் படல" என்று மெதுவாகச் சொன்னாள்.

செல்லோ இறங்கத் தொடங்கியது. குரல்கள் வந்தன. விளக்கைக் குறைத்திருந்த அந்த உயரமான கூரையின் கீழ் அது பயிற்சியில் கேட்டதுபோல் இல்லை. சுவர்களே அழுத்தி, தேய்த்து, மூச்சு விடுவதுபோல் இருந்தது. சிவகாமி பேசுவதை நிறுத்தினாள். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

பிறகு அந்த இடம். கோமதி போய் நின்றாள். ரேஷ்மா மேலே வந்து உரசினாள். சிவகாமியின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. "ஏங்க, சுருதி..." என்று எழப் போனாள்.

"இரு" என்றேன். "அது அப்படித்தான். இப்ப இறங்குவா பாரு."

அவள் இறங்கவில்லை.

நான் காத்திருந்தேன். பயிற்சியில் இந்நேரம் இறங்கியிருந்தாள். ரேஷ்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். செல்லோக்காரப் பையன் வில்லை மெதுவாக்கி, இன்னும் மெதுவாக்கி, கடைசியில் அந்தச் சுரத்தையே மறுபடி இழுத்தான். ஷீபாவின் கை காற்றில் அப்படியே நின்றது. இருபது பேரும் சர்ச் நிறைந்த கூட்டமும் அவள் ஒருத்தியின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தோம். அவள் குரல் உடையவில்லை. கூர்மையாக, நேராக, தப்பான இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். இறங்க முடியவில்லை என்று நினைத்தேன். கால்கள் தாமாக எழப் பார்த்தன. சிவகாமியிடம் 'இரு' என்று சொன்னவன் நான். அதனால் மட்டுமே உட்கார்ந்திருந்தேன்.

மூச்சின் கடைசியில் இறங்கினாள்.

பாட்டு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசாமல் போனார்கள். "ஒருத்தர்கூடக் கைதட்டலையே. பிள்ளைக்கு எப்படி இருக்கும்?" என்று சிவகாமி தவித்தாள். இன்றைக்குக் கைதட்டும் வழக்கம் இல்லை என்று பக்கத்து இருக்கைப் பெண் சொன்னார். அவர் மூக்கு சிவந்திருந்தது.

வெளியே மரத்தடியில் ஷீபா கோமதியின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். "இருபது பேரையும் மூச்சு முட்ட வைத்துவிட்டாய். நன்றாக இருந்தது. இனிமேல் செய்தால் பல்லைப் பிடுங்கிவிடுவேன்."

ஆட்டோவில் சிவகாமி தூங்கிவிட்டாள். நான் கோமதியிடம் கேட்டேன். "மறந்துட்டியாம்மா?"

"இல்லப்பா." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தச் சுரம் திரும்பக் கிடைக்குமோ என்னமோன்னு இருந்துது. இறங்க மனசு வரல."

அறுவை நடந்த நாளைப்பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள் இருந்தன என்பதும், கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரும் சேர்ந்து எழுந்தோம் என்பதும், மாணிக்கம் அண்ணாச்சி கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்து, அவ்வளவு நேரமும் என் பக்கத்தில் ஒரு சொல்கூடப் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்பதும் போதும். சத்தம் போட்டே பழகிய மனிதர் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மருத்துவர் வந்தார். கட்டி எடுத்தாகிவிட்டது. பெரிய நரம்பு நன்றாக இருக்கிறது. மெல்லிய நரம்பைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார், ஆனால் அது கட்டியோடு ஒட்டியிருந்ததாம். பிரித்து எடுத்தபோது அதற்கு என்ன ஆகியிருக்கும் என்பது இப்போது தெரியாது. குரல் சில நாட்கள் கம்மும். மேல் ஸ்தாயி வருமா என்பது வாரங்கள் போனால்தான். எடுத்த கட்டியின் சோதனை முடிவும் வர வேண்டும். இதை எழுதும்போதும் அது வரவில்லை. போன் அடித்தால் இன்னமும் என் கை எடுக்க மறுக்கிறது.

மறுநாள் காலை எங்களை உள்ளே விட்டார்கள். கழுத்தில் வெள்ளைக் கட்டு. முகம் வீங்கியிருந்தது. சிவகாமி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"ஒரு வார்த்தை பேசும்மா" என்றாள் சிவகாமி. உடனே, "வேண்டாம், வேண்டாம், பேசாத" என்றாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன குரலில் பதில் வரும் என்ற பயம். பக்கத்துக் கட்டிலில் ஓர் இயந்திரம் விட்டுவிட்டு ஒரே சுரத்தில் கூவிக்கொண்டிருந்தது. பிளாஸ்க் என் மடியில் இருந்தது. மூடி இறுகியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கோமதி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் ஒரு சத்தம் எழுப்பினாள். குரல் என்று அதைச் சொல்ல முடியாது, துணி கிழிவதுபோல் இருந்தது. ஆனால் அது ஒரு சுரம்தான். அந்த இயந்திரத்தின் சுரத்துக்கு ஒட்டினாற்போல் மேலே, அதை உரசிக்கொண்டு நின்றது. என் முதுகு நிமிர்ந்தது. சிவகாமி என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. மூச்சுக்கூட விடவில்லை.

ஒரு படி இறங்கி, இயந்திரத்தோடு சேர்ந்தாள்.

"சரியா இருந்துதாப்பா?" காற்றில் பாதி போய்விட்ட குரல்.

"இன்னும் கொஞ்சம் நின்னிருக்கலாம்" என்றேன்.